புளி ஃப்ளோரைடைப் போக்குமா? உணவுச் செய்திகளை உரசிப் பார்க்கும் முறை

சென்ற கோடையில் ஒருநாள், பாலக்கோட்டில் இருக்கும் என் பெரியப்பா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியைப் போட்டார். தினமும் உணவில் புளி சேர்த்தால் உடம்பில் தங்கிய ஃப்ளோரைடு முழுவதும் சிறுநீரோடு வெளியேறிவிடும் என்றும், இதை விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள் என்றும் அதில் இருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்படி ஒரு செய்திக்குக் கால் முளைக்க அதிக நேரம் ஆகாது. இங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளையும், முதுகும் மூட்டும் விறைத்துப்போன பெரியவர்களையும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். புளியோ சாலையோரமெல்லாம் காய்த்துத் தொங்குவது. நோயும் இங்கேயே, மருந்தும் இங்கேயே என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

"இது பொய்" என்று உடனே பதில் போடத்தான் விரல் போனது. போடாமல் தேடிப் பார்த்தேன். அப்படி ஓர் ஆய்வு உண்மையாகவே இருந்தது; அதுவும் நாடறிந்த நிறுவனம் ஒன்றில் நடந்தது. ஆனால் பெரியப்பாவின் செய்தி சொன்னதை அந்த ஆய்வு சொல்லவில்லை.

அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துபவன் என்பதால், உறவினர்களும் பெற்றோர்களும் இத்தகைய செய்திகளை என்னிடம் அனுப்பி "உண்மையா சார்?" என்று கேட்பது வழக்கம். பல ஆண்டுகளாக இவற்றைப் புரட்டிப் பார்த்ததில், அடி முதல் நுனி வரை பொய்யான செய்திகள் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பது தெரிந்தது. பெரும்பாலானவை, ஒரு காலத்தில் சரியாக இருந்த வாக்கியத்திலிருந்து இரண்டு மூன்று சொற்கள் உதிர்ந்துபோனவை. எவ்வளவு, யாருக்கு, எதனோடு ஒப்பிட்டு, எதை அளந்து ஆகிய நான்கும்தான் அடிக்கடி உதிர்கின்றன. உதிர்ந்த சொல்லைத் தேடி எடுத்து, வாக்கியத்தில் மறுபடி பொருத்தி, அதன் பிறகும் செய்தி நிற்கிறதா என்று பார்ப்பதே நான் கையாளும் முறை. இதற்கு அறிவியல் பட்டம் தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும், சில சமயம் ஒரு சமையலறைத் தராசும் போதும்.

முதலில் அளவைக் கேளுங்கள்

இந்தப் பாடத்தை நான் தவறு செய்துதான் கற்றேன். பள்ளியின் முகப்புக் கரும்பலகையில் தினம் ஓர் அறிவியல் செய்தி எழுதுவது என் பொறுப்பு. சில ஆண்டுகளுக்கு முன் அதில், "கேழ்வரகில் பாலைவிட மூன்று மடங்கு கால்சியம் உள்ளது" என்று பெருமையாக எழுதி வைத்தேன். மறுவாரம் ஒரு மாணவியின் தாயார் வந்து, "சார், அப்ப சின்னவளுக்குப் பால் வாங்கறத நிறுத்திரலாமா? வீட்ல தினமும் களிதான் கிண்டறோம்" என்று கேட்டார். பால் பாக்கெட்டின் விலையைக் கணக்குப் பார்த்து வாங்கும் வீடு அது. எனக்கு உடனே பதில் வரவில்லை.

நான் எழுதியது பொய்யில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையில், 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியமும், 100 கிராம் பசும்பாலில் ஏறத்தாழ 118 மில்லிகிராமும் இருப்பதாக உள்ளது. மூன்று மடங்கேதான். ஆனால் அட்டவணை பேசுவது காய்ந்த தானியத்தைப் பற்றி. பாலில் பெரும்பகுதி தண்ணீர். கேழ்வரகு மாவை யாரும் அப்படியே அள்ளித் தின்பதில்லை.

அன்று மாலை வீட்டில் தராசை எடுத்து வைத்துக்கொண்டேன். நொய் சேர்க்காமல் வெறும் மாவில் கிண்டினால் எங்கள் வீட்டில் ஓர் உருண்டைக்கு 90 கிராம் மாவு பிடிக்கிறது. துடுப்பால் கிண்டி, ஈரக் கையால் உருட்டி வைத்த களியை நிறுத்தபோது 300 கிராமுக்கு அருகில் இருந்தது. 90 கிராம் மாவில் உள்ள கால்சியம் ஏறத்தாழ 328 மில்லிகிராம். அதை 300 கிராம் களியில் பரப்பினால் 100 கிராம் களிக்கு 110 மில்லிகிராம் வரும். அதாவது, உண்ணும் நிலையில் ஒப்பிட்டால் களியும் பாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்று மடங்கு என்பது உலையில் ஊற்றிய தண்ணீரில் கரைந்துவிட்டது.

இன்னொரு சொல்லும் உதிர்ந்திருந்தது. உணவில் இருக்கும் கால்சியம் வேறு, உடம்பில் சேரும் கால்சியம் வேறு. பாலில் உள்ள கால்சியத்தில் சுமார் 30 சதவீதத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. கேழ்வரகில் உள்ள பைட்டேட், ஆக்சலேட் போன்ற பொருள்கள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உறிஞ்சுதல் குறையும். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் பைட்டேட் குறைகிறது; இரவே கரைத்துப் புளிக்கவிட்டுக் காய்ச்சும் கூழுக்கு அந்த வகையில் ஒரு சாதகம் உண்டு. களியும் கூழும் நல்ல உணவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியபோது மகிழ்ந்தவன்தான் நான். ஆனால் அந்தத் தாயாரிடம், "களியும் இருக்கட்டும்மா, முடிந்தவரை பாலையும் நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, பலகையில் எழுதியதை அழித்தேன்.

ஆகவே, எந்த உணவைப் பற்றியும் "இத்தனை மடங்கு" என்று ஒரு செய்தி வந்தால், எத்தனை கிராமுக்கு, காய்ந்ததிலா சமைத்ததிலா, ஒரு நாளில் நான் அதை எவ்வளவு சாப்பிடுகிறேன் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். முருங்கைக்கீரைப் பொடிக்குச் செய்யப்படும் விளம்பரங்களில் பாதி இந்த இடத்திலேயே விழுந்துவிடும். பச்சைக் கீரையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உலர்த்தினால் எஞ்சியது செறிந்து எல்லாச் சத்தும் சில மடங்கு கூடியதுபோல் தோன்றும். அந்தப் பொடியின் 100 கிராமை வேறொரு பச்சைக் கீரையின் 100 கிராமோடு ஒப்பிட்டு மடங்குக் கணக்குச் சொல்வார்கள். வீட்டில் பொடியை யாரும் 100 கிராம் தின்பதில்லை, ஒரு தேக்கரண்டி கலக்குவார்கள். கீரையையோ கைப்பிடி கைப்பிடியாகக் கடைந்து சாப்பிடுவார்கள்.

மேலே சொன்ன சத்து அட்டவணை 528 உணவுப் பொருள்களுக்கு உரியது, இணையத்தில் கிடைக்கிறது, ஒரு படியைக் கைபேசியில் வைத்துக்கொள்வது நல்லது. அதை வெளியிட்ட நிறுவனத்தின் வேர் 1918இல் குன்னூரில் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வில் இருக்கிறது. 1958இல்தான் அது ஐதராபாத்துக்குப் போனது. அதன் பழைய சத்து அட்டவணையைத் தொகுத்தவர்களில் முதன்மையானவரான சி. கோபாலன் 1918இல் சேலத்தில் பிறந்தவர். 1965இல் பிரியும்வரை தருமபுரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது என்பதால் அவரை எங்கள் பக்கத்துக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

புளி ஆய்வு உண்மையில் சொன்னது

இனி பெரியப்பாவின் செய்திக்கு வருகிறேன். "விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள்" என்ற செய்தியில் ஆண்டோ இதழின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இல்லையென்றால், பப்மெட் என்ற இலவசத் தேடுதளத்தில் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களை இட்டுத் தேடலாம். புளி, ஃப்ளோரைடு, சிறுநீர் ஆகியவற்றுக்கான சொற்களை இட்டவுடனே அந்த ஆய்வு வந்துவிட்டது. முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்டாலும் ஆய்வுச் சுருக்கம் எல்லாருக்கும் திறந்தே இருக்கும். ஆங்கிலம் தடையென்றால் கைபேசியின் மொழிபெயர்ப்பு வசதி சுருக்கத்தைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு உதவும். எண்களை மட்டும் மூலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆய்வைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்து 2002இல் வெளியிட்டார்கள். ஒரு மாணவர் விடுதியில் ஆரோக்கியமான 20 சிறுவர்களைச் சேர்த்தார்கள். 18 பேர் இறுதிவரை இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மதிய உணவோடு தினம் 10 கிராம் புளி, 18 நாள்களுக்குக் கொடுக்கப்பட்டது. 24 மணி நேரச் சிறுநீரில் வெளியேறிய ஃப்ளோரைடு, புளி இல்லாத உணவின்போது 3.5 மில்லிகிராமாகவும், புளி சேர்த்தபோது 4.8 மில்லிகிராமாகவும் இருந்தது.

இப்போது உதிர்ந்த சொற்களை எடுத்துப் பொருத்துவோம். யாருக்கு? ஆரோக்கியமான சிறுவர்களுக்கு, எலும்பு விறைத்துப்போன அறுபது வயதுக்காரருக்கு இல்லை. எத்தனை பேருக்கு, எத்தனை நாளைக்கு? 18 பேருக்கு, 18 நாளைக்கு. ஃப்ளோரைடு எலும்பில் சேர்வதோ ஆண்டுக்கணக்கில். எவ்வளவு? வெளியேற்றம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. "முழுவதும்" என்ற சொல் ஆய்வில் எங்குமே இல்லை. எதை அளந்தார்கள்? சிறுநீரை. பல்லையோ எலும்பையோ அளக்கவில்லை.

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நான் மற்றவற்றைவிட முக்கியமாக நினைக்கிறேன். ஏரி மதகில் தண்ணீர் வேகமாக ஓடுகிறது என்பதற்காக ஏரி வற்றிவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வரத்துக் கால்வாயில் எவ்வளவு வருகிறது என்றும் பார்ப்பார்கள். சிறுநீரில் ஃப்ளோரைடு கூடியது மதகில் ஓடும் தண்ணீர். குடிக்கும் நீரில் ஃப்ளோரைடு வந்துகொண்டே இருக்கும்வரை ஏரி வற்றாது. பல்லின் கறை, பல் ஈறுக்குள் உருவாகும் சிறுவயதிலேயே ஏற்படுவது. முளைத்து முடிந்த பல்லின் கறையை உணவால் எடுக்க முடியாது. இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீர் போன்ற இடைக்குறிகளை, அதாவது நோயை நேரடியாகக் காட்டாத அளவுகளை, அளந்த ஆய்வைக் காட்டி, நோயே தீரும் என்று சொல்லும் செய்திகள் எல்லாம் இந்த மதகுத் தவறைத்தான் செய்கின்றன.

அதே சுருக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது. புளி சேர்த்தபோது சிறுநீரில் மெக்னீசியமும் துத்தநாகமும் வெளியேறுவது குறைந்தது. இது நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் செய்தியை எழுதியவர் அந்த வரியைத் தொடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் ஆய்வின் ஒரே ஒரு வரியை மட்டும் கிள்ளி எடுத்த செய்தியைப் பார்த்தால், கிள்ளாமல் விட்ட வரிகளைத் தேடிப் படியுங்கள்.

குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஜப்பானின் கடனுதவியோடு கட்டி 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு மிகுவதால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பு என்ற சொல்லும் இருப்பதற்குக் காரணம் இதுதான். இன்னொரு செய்தியும் அவ்வப்போது வரும்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போய்விடும் என்று. கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகும், ஃப்ளோரைடு தங்கும். செறிவு கூடத்தான் செய்யும். இதைச் சரிபார்க்க ஆய்வுக் கட்டுரைகூட வேண்டாம், உப்புத் தண்ணீரைக் காய்ச்சிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பார்த்ததும் சோதித்ததும்

சித்தேரி, வத்தல்மலைப் பக்கத்து முதியவர்கள் சாமைச் சோறு சாப்பிட்டதால்தான் சர்க்கரை நோய் இல்லாமல் வாழ்ந்தார்கள் என்று ஒரு காணொளியில் கேட்டேன். சாமை உண்டவர்கள் என்பது சரி. அவர்கள் மலை ஏறி இறங்கினார்கள், நாளெல்லாம் காட்டில் வேலை செய்தார்கள், வயிறு நிறைய உண்ணக் கிடைக்காத மாதங்களும் இருந்தன, இரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர்களும் மிகச் சிலர். இத்தனை காரணங்களில் சாமையை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? மக்கள் தாமாகவே வாழ்வதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஆய்வுகள் அனைத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அவை பயனற்றவை என்று சொல்லவில்லை. புகையிலையின் கேடு அப்படிப்பட்ட ஆய்வுகளால்தான் தெரிய வந்தது. ஆனால் அவை காட்டும் சிறிய வேறுபாடுகளை நம்பி உணவை மாற்றும் முன் நிதானம் வேண்டும்.

சோதித்துப் பார்க்கும் ஆய்வு வேறு மாதிரி. ஆட்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் பொருளைக் கொடுத்து, மறு குழுவுக்கு அதைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரையைக் கொடுப்பார்கள். குலுக்கிப் பிரித்ததால் உழைப்பு, பணம், பழக்கவழக்கம் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழும். இரண்டுக்கும் உள்ள தூரத்தை உணர பீட்டா கரோட்டின் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கேரட், கீரை, மாம்பழம் போன்றவற்றை நிறைய உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பார்த்து, அவற்றிலுள்ள பீட்டா கரோட்டின்தான் காக்கிறது என்று பலரும் எண்ணினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்துச் சோதித்து 1994இல் முடிவை வெளியிட்டபோது, அந்த மாத்திரையை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. பழத்தையும் கீரையையும் அந்த ஆய்வு குறை சொல்லவில்லை. அவற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து மாத்திரையாக்கினால் அதே நன்மை வரும் என்ற ஊகம்தான் தோற்றது. கிருஷ்ணகிரி மாம்பழத்தைச் சாப்பிட யாரும் தயங்க வேண்டியதில்லை.

எலியிலும் ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்லிலும் நடந்த ஆய்வுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. "புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும்" என்ற செய்தியின் பின்னால் பெரும்பாலும் ஒரு தட்டுதான் இருக்கும். அந்தத் தட்டில் வெந்நீர் ஊற்றினாலும் செல் செத்துப்போகும்.

சோதனை ஆய்வு என்றாலும் ஆள் எண்ணிக்கையையும், எத்தனை விஷயங்களை அளந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2015இல் ஜான் போஹனன் என்ற அறிவியல் செய்தியாளரும் சில நண்பர்களும், ஊடகங்களின் அக்கறையின்மையை அம்பலப்படுத்தவே ஜெர்மனியில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 15 பேரிடம், மூன்று வாரம், எடை, கொழுப்பு, தூக்கம் என 18 வகை அளவுகள். சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும் என்ற முடிவு கிடைத்தது; கட்டணம் வாங்கிக்கொண்டு ஓர் இதழ் வெளியிட்டது; பல நாட்டுச் செய்தித்தாள்கள் அப்படியே எடுத்துப் போட்டன. எண்களில் பொய்யில்லை. இருபதில் ஒரு தடவை தற்செயலாக வேறுபாடு தெரியும் என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு 18 அளவுகளைப் பார்த்தால், ஏதாவது ஒன்றிலாவது வேறுபாடு தட்டுப்பட 60 சதவீதம் வாய்ப்பு உண்டு. பத்துப் பதினைந்து பேரை வைத்து நடந்த ஆய்வு என்றால் அதை நான் வெறும் குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். புளி ஆய்வையும் அப்படித்தான்.

சதவீதத்தைக் கேட்டால், எதில் சதவீதம் என்று திருப்பிக் கேளுங்கள். பதப்படுத்திய இறைச்சியைத் தினம் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு 2015இல் அறிவித்தது. நூறு பேரில் ஐந்து பேருக்கு வரும் இடத்தில் இனி ஆறு பேருக்கு வரும் என்பதுதான் அதன் பொருள். பதினெட்டுப் பேர் கூடுதலாக வருவார்கள் என்பதில்லை. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றை அந்தப் பிரிவு வைக்கும் முதல் பட்டியலில் இந்த இறைச்சியோடு புகையிலையும் இருப்பதால் இரண்டும் சமமான கேடு என்று எழுதியவர்களும் உண்டு. அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது, கேடு எவ்வளவு பெரிது என்பதை இல்லை.

சர்க்கரைக்குக் களி

"சுகர் இருந்தா களி எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம்" என்பது எங்கள் பகுதியில் அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்கும் வாக்கியம். என் தாயாரும் அப்படித்தான் நம்பியிருந்தார். இதற்கு ஆதாரமாக இப்போது பலரும் காட்டுவது, ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனம் முன்னின்று 2021இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு. தனித்தனியாக நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுவது தொகுப்பாய்வு; ஓர் ஆய்வைவிட அதற்கு மதிப்பு அதிகம். சிறுதானியங்களின் சர்க்கரை உயர்வுக் குறியீடு சராசரியாக 52.7 என்றும், தீட்டிய அரிசிக்கு 71.7 என்றும் அது கண்டது. குறியீடு குறைவாக இருந்தால் உணவு இரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் என்று பொருள்; 55 வரை குறைவு என்று கொள்வார்கள்.

நல்ல செய்திதான். ஆனால் 52.7 என்பது பல சிறுதானியங்களுக்கும் பல சமையல் முறைகளுக்கும் சேர்த்த சராசரி. முழுத் தானியமாக வேகவைத்ததும், நைசாக அரைத்துக் கிண்டியதும் உடம்பில் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மாவு எவ்வளவு நைசோ அவ்வளவு வேகமாகச் செரிக்கும். இன்னொன்று, இக்ரிசாட் வறண்ட நிலப் பயிர்களை வளர்ப்பதற்கென்றே உள்ள நிறுவனம். அதனால் ஆய்வு தவறாகிவிடாது. எந்தப் பக்கம் நின்று பேசுகிறார்கள் என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

குறியீடு வேகத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. 90 கிராம் மாவில் ஏறத்தாழ 60 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இரண்டு உருண்டை என்றால் 120 கிராம். என் தாயாருக்கு ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிக்கொடுத்து, உண்பதற்கு முன்பும் உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்கச் சொன்னேன். ஓர் உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் கீரைக் கடைசலும் என்றால் சர்க்கரை அளவோடு நின்றது. இரண்டு உருண்டையும் புளிக்குழம்பும் என்றால் ஏறியது. ஒரே ஆளின் கணக்கை வைத்து ஊருக்கு உபதேசம் செய்ய முடியாது; ஆனால் அந்த ஒரு ஆளுக்கு அதைவிடப் பொருத்தமான ஆய்வும் கிடையாது. அளவில் ஏற்ற இறக்கம் தெரிந்தால் மருந்தை நாமே கூட்டிக் குறைக்காமல் மருத்துவரிடம் அந்தக் குறிப்பேட்டைக் காட்ட வேண்டும்.

யார் பணம், யார் சரக்கு

1965இல் அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் ஆராய்ச்சி அமைப்பு, ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்தது. இதய நோய்க்குச் சர்க்கரையின் பங்கைக் குறைத்தும் கொழுப்பின் பங்கை அழுத்தியும் அவர்கள் எழுதிய கட்டுரை 1967இல் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியானது. யார் பணம் என்ற குறிப்பு அதில் இல்லை. பழைய கடிதங்களிலிருந்து இது வெளியே வந்தது 2016இல்தான். இப்போது பெரும்பாலான இதழ்களில் கட்டுரையின் இறுதியில் நிதி யாருடையது என்று எழுத வேண்டியிருக்கிறது. நான் கட்டுரையின் முதல் பக்கத்துக்கு அடுத்துப் படிப்பது அந்தப் பத்தியைத்தான்.

காணொளிகளுக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. கடைசி ஒரு நிமிடத்தை முதலில் பாருங்கள். பொடி, எண்ணெய், கிட் என்று ஏதாவது விற்பனைக்கு வந்து, கீழே தொலைபேசி எண் ஓடினால், முன்னால் சொன்ன பதினைந்து நிமிடமும் விளம்பரம் என்று எடுத்துக்கொள்ளலாம். பேசுபவர் பெயருக்கு முன் "டாக்டர்" என்று இருந்தால் எந்தத் துறையில் என்று பாருங்கள். தோல் மருத்துவர் சிறுநீரகத்துக்கு உணவுப் பட்டியல் கொடுக்கும் காலம் இது.

கடைப் பொருளுக்கு முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படிப்பதே முறை. தருமபுரி பேருந்து நிலையக் கடையொன்றில் வாங்கிய ராகி பிஸ்கெட் பாக்கெட்டின் முகப்பில் கேழ்வரகுக் கதிர் தலைசாய்த்து நின்றது. பின்பக்கப் பட்டியலில் முதலில் மைதா, பிறகு சர்க்கரை, பிறகு பாமாயில், அதற்கும் பிறகு கேழ்வரகு மாவு 7 சதவீதம். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். ஆகவே அந்தப் பட்டியல் பொய் சொல்லாது. "ஒரு பரிமாறலுக்கு" என்று கொடுத்திருக்கும் சர்க்கரை அளவு இரண்டு பிஸ்கெட்டுக்கானது. இரண்டோடு நிறுத்தும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. அதனால் 100 கிராம் கணக்கைத்தான் ஒப்பிட வேண்டும். "சர்க்கரை இல்லாதது" என்று எழுத 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது; "நார்ச்சத்து மிக்கது" என்று எழுத 100 கிராமில் 6 கிராமாவது இருக்க வேண்டும். "ஹெல்த் டிரிங்க்" என்பதற்கு நம் உணவுச் சட்டத்தில் வரையறையே இல்லை. மாம்பழப் பானம் என்ற பெயருக்கு 10 சதவீதப் பழச்சாறு போதும் என்பது, தோத்தாபுரியை டன் கணக்கில் கூழாலைக்கு ஏற்றி அனுப்பும் கிருஷ்ணகிரிக்காரர்கள் பலருக்கே தெரியாது. 14 இலக்க உரிம எண் இருப்பது அந்த நிறுவனம் பதிவு பெற்றது என்பதற்கு அடையாளம். முகப்பில் உள்ள வாசகங்களுக்கு அது உத்தரவாதம் இல்லை.

ஆய்வு பிறகு திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் ஒரு கண் பார்க்க வேண்டும். பப்மெட் பக்கத்தின் மேலேயே அது சிவப்பில் இருக்கும். ஆலிவ் எண்ணெயும் கொட்டைப் பருப்புகளும் இதயத்தைக் காக்கும் என்று 7,447 பேரை வைத்து 2013இல் வெளியான ஸ்பெயின் ஆய்வு, ஆட்களைக் குலுக்கிப் பிரித்ததில் பிழை இருந்ததால் 2018இல் திரும்பப் பெறப்பட்டு, திருத்திய கணக்கோடும் சற்று அடங்கிய குரலோடும் மறுபடி வெளியிடப்பட்டது. பழைய பதிப்பைக் காட்டும் செய்திகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நுணுக்கமாகத் தேட நேரமில்லாதவர்கள், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான 17 உணவு வழிகாட்டுதல்களை முதலில் பார்த்துவிட்டு, வந்த செய்தி அவற்றோடு ஒத்துப்போகிறதா முரண்படுகிறதா என்று பார்த்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

பெரியப்பாவுக்குப் பதில் எழுதும் முன் இன்னொரு முறை தராசை எடுத்தேன். நான்கு பேருக்குக் குழம்பு வைக்க என் மனைவி எடுக்கும் "எலுமிச்சை அளவு" புளி 30 கிராம் இருந்தது. அதாவது ஆளுக்கு ஏழெட்டு கிராம். ஆய்வில் கொடுத்த 10 கிராமுக்கு அது வெகு தூரமில்லை. பிறகு குழுவில் இப்படி எழுதினேன்: "பெரியப்பா, நீங்க அனுப்பின ஆய்வு உண்மைதான், தேடிப் படிச்சேன். 18 பசங்களுக்கு 18 நாள் புளி கொடுத்துப் பார்த்திருக்காங்க. சிறுநீர்ல ஃப்ளோரைடு கொஞ்சம் கூடுதலா போயிருக்கு. பல்லு, எலும்பு சரியாச்சான்னு அவங்க பார்க்கல. நம்ம வீட்ல அந்த அளவு புளி ஏற்கெனவே சாப்பிடறோம், புதுசா சேர்க்க வேண்டாம். உங்களுக்கு அல்சர் வேற இருக்கு. குடிக்க மட்டும் போர் தண்ணிய விட்டுட்டு ஒகேனக்கல் தண்ணியப் பிடிச்சு வைங்க."

சிறிது நேரம் கழித்துப் பெரியப்பா, "எங்க தெருவுல அது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது, குடத்த சேர்த்து வைக்கறேன்" என்று பதில் போட்டார்.